ஹுசேன் சாகரில் அப்பா சொன்ன பதில்

லாலாகூடா ரயில்வே காலனியில் என்னோடு பாண்டி ஆடினவர்களில் இன்னும் யார் யார் மிச்சம் என்று எண்ணிப் பார்க்க எனக்குப் பயம். போன மாதம் போலாரத்தில் ஒரு சாவு வீட்டில் நாம் சிலர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து மூட்டு வலி பேசிக்கொண்டிருந்தபோது, உங்களில் ஒருத்தி என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "உங்கப்பா ஒரு நவாப் படகுல போயி ஏரியில விழுந்துட்டாராமே, நெஜமாடீ?"

விழவில்லை. இறங்கினார். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அங்கே பிணத்தை எடுக்கிற நேரம் வந்துவிட்டதால் என்னால் சொல்ல முடியவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன். கண் தெரிகிறவர்கள் படித்துத் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

இப்போது நான் சைனிக்புரியில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேரன் அமீர்பேட்டில் ஏதோ கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போகிறான். காதில் கருப்பு ஒயரை மாட்டிக்கொண்டு வந்து உட்காருவான். இட்லி வைக்கட்டுமா என்று மருமகள் கேட்டால் தலையைத் தூக்காமல் "நக்கோ" என்பான், வேண்டாமாம். அது மரியாதையா என்று மருமகள் முணுமுணுப்பாள். எனக்கோ அந்தச் சொல்லைக் கேட்டால் வயிறு குளிரும். ஏனென்றால் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்குத் தடை இருந்தது. நக்கோ, இல்லை, வேண்டாம், தெரியாது, எதுவும் சொல்லக்கூடாது. தடை போட்டவர் அப்பா.

அப்பா ரயில்வே பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். சாயங்காலம் சைக்கிளில் பேகம்பேட்டைக்குப் போய் ஒரு ஜாகீர்தாரின் மகனுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பார். ஜாகீர்தார் என்றால் யார் என்று உங்களுக்குத் தெரியும். நம் பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: நிஜாம் கொடுத்த கிராமங்களின் வருமானத்தில், தான் ஒரு வேலையும் செய்யாமல் வாழ்கிற பிரபு. எங்கள் குடும்பம் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. வேலூர்க்காரர்களுக்கு மனதில் பட்டதைப் பளிச்சென்று சொல்லித்தான் பழக்கம். அப்பாவுக்கோ ஹைதராபாத் மரியாதைகள் மேல் அப்படி ஒரு மயக்கம். எவ்வளவு குனிந்து சலாம் வைப்பது, தட்டை எந்தக் கையால் வாங்குவது, முதுகைக் காட்டாமல் அறையை விட்டு எப்படி வெளியே வருவது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அவர் கற்றதில் முதல் பாடம், பெரிய மனிதர் எதைக் கேட்டாலும் "ஜீ ஹாங், ஹுஸூர்" என்று சொல்வது. ஆமாம் பிரபுவே என்று அர்த்தம்.

"இல்லைங்கிற சொல்லே அந்த வீட்ல கிடையாது தெரியுமா? என்ன நாகரிகம்!" என்பார். சைக்கிள் மிதித்து வந்த களைப்பில் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொல்வார்.

அந்த வருஷம் அண்ணன் இன்டர்மீடியட்டில் நல்ல மார்க் வாங்கியிருந்தான். மெட்ராஸுக்குப் போய் டாக்டருக்குப் படிக்க வேண்டும், அது ஒன்றுதான் அவன் ஆசை. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். கரி கொட்டிவைக்கிற கொட்டகைக்குப் பின்னால் பலகை போட்டுத் தவளையை மல்லாத்தி வைத்து அறுப்பான். நான் பக்கத்தில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். "இது கல்லீரல், இது இருதயம், பாரு இன்னும் துடிக்குது" என்று அவன் சொல்லும்போது அவன் குரல் மாறிவிடும். அவ்வளவு சந்தோஷமான குரலை நான் அப்புறம் அவனிடம் கேட்கவில்லை.

மெட்ராஸில் வைத்துப் படிக்கவைக்க வாத்தியார் சம்பளம் போதாது. அந்த ஜாகீர்தார் வருஷத்துக்கு ஒரு பையனைத் தன் செலவில் டாக்டர் படிப்புக்கு அனுப்புவார். அப்பா வாரக்கணக்காகத் தயங்கி, ஒரு நாள் அவரிடம் வாய் திறந்து கேட்டார். ஜாகீர்தார் சிரித்தாராம். குடும்பத்தோடு என் படகுக்கு வாருங்கள் மாஸ்டர் சாப், ஒரு நாள் முழுக்க ஏரியில் இருக்கலாம், சாப்பாடு, நீச்சல், எல்லாம் உண்டு, நிதானமாகப் பேசலாம் என்றாராம். அப்பா அன்று சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

அம்மா கேட்டாள்: "அங்க கூட்டிட்டுப் போயி முடியாதுன்னு சொல்லிட்டா?"

"அவங்க வாயில அந்தச் சொல்லு வராதுன்னு எத்தனை வாட்டி சொல்றது?"

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒத்திகை ஆரம்பமாயிற்று. அப்பா முக்காலியில் ஜாகீர்தாராக உட்காருவார். பேட்டி, அதாவது மகளே, ஷர்பத் வேணுமா என்று என்னைக் கேட்பார். நான் "ஜீ ஹாங், ஹுஸூர்" என்று குனிய வேண்டும். பாடத் தெரியுமா? ஜீ ஹாங். கணக்கு வருமா? ஜீ ஹாங். எனக்குக் கணக்கு வராது என்று நான் சொன்னதற்குத் தலையில் குட்டு விழுந்தது. அம்மாவையும் விடவில்லை. அவள் அடுப்பை ஊதிக்கொண்டே சலிப்பாக ஜீ ஹாங் சொல்வாள். அண்ணன் மட்டும் சொல்ல மாட்டேன் என்று வெளியே போய்விடுவான். அவனை அப்பா கட்டாயப்படுத்தவில்லை. எல்லா ஜீ ஹாங்கையும் தானே சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

படகுக்குப் போகிற நாளன்று, பக்கத்து வீட்டு ஸ்டோர்கீப்பரிடம் இரவல் வாங்கிய ஷெர்வானி அப்பாவுக்கு அக்குளில் இறுக்கிப் பிடித்தது. தலையில் சரிகைக் கரை போட்ட வெள்ளைத் தலைப்பாகை. அது அப்பாவின் கல்யாணத் தலைப்பாகை, பெட்டியின் அடியில் வேப்பிலை போட்டு வைத்திருந்தது. மூக்கில் வட்டக் கண்ணாடி. அது இல்லாவிட்டால் எதிரே நிற்கிறவர் மூஞ்சி அவருக்குத் தெரியாது.

ஹுசேன் சாகர் அப்போது இப்போது மாதிரி நாறாது. இப்போது புத்தர் சிலை நிற்கிற இடத்தில் அப்போது வெறும் தண்ணீர். முதல் மழை பெய்து ஓய்ந்திருந்தது. படகு வெள்ளை வெளேரென்று பாய் விரித்து நின்றது. போலாரம் பட்டாளத்து வெள்ளைக்காரன் ஒருவன் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனதாம். பலகையெல்லாம் தேய்த்துத் தேய்த்து நம் பூஜைப் பாத்திரம் போல் பளபளத்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினபோது காலுக்கடியில் மரம் சூடாக இருந்தது, அது இன்னும் உள்ளங்காலில் இருக்கிறது எனக்கு.

படகின் பின்பாதியில் மூங்கில் தட்டி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் பெண்கள். ஜாகீர்தாரின் அக்கா, அவரைப் பேகம் என்பார்கள், திண்டில் சாய்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். அம்மா அவர் பக்கத்தில் காலை மடக்கி உட்கார்ந்தாள். நான் சின்னப் பெண், அதனால் இரண்டு பக்கமும் ஓடலாம். முன்பாதியில் ஜாகீர்தார், அவருடைய தோஸ்துகள் சிலர், அப்பா, அண்ணன். தோஸ்துகளில் ஒருவர் ரொம்பப் பருமன். அவர் உட்கார்ந்த பக்கம் படகு லேசாகச் சாய்ந்ததாக நான் நம்பினேன்.

காலை முழுக்க சுற்றிக் காட்டினார்கள். ஏரிக்கரை மதகு, கருப்புப் பாறைக் குன்று, பேகம்பேட்டை மாளிகைகளின் வெள்ளைப் படிக்கட்டுகள், அந்தக் கரையில் நம் சிகந்திராபாத் ரயில் விட்டுக்கொண்டு போகிற புகை. ஜாகீர்தார் எனக்குத் தன் தூரதிருஷ்டிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் காட்டினார். கையில் மல்லிகை அத்தர் மணம். அழகான மனிதர், மெல்லப் பேசுவார், யாரையும் நீ என்று சொல்ல மாட்டார். கெட்டவர்கள் எப்படி இருப்பார்கள் என்று அந்த வயதில் எனக்கு ஒரு கற்பனை இருந்தது. அதில் எதுவும் அவரிடம் இல்லை.

தட்டிக்குப் பின்னால் பேகம் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். டாக்டருக்குப் படிக்க மெட்ராஸ் போகிற பையனுக்கு நேற்றுத்தான் என் கையாலேயே இமாம் ஜாமின் கட்டினேன் என்றார். பயணம் கிளம்புகிறவர்களுக்கு நாணயத்தைத் துணியில் முடிந்து புஜத்தில் கட்டிவிடுவார்கள், அந்த ஊர் வழக்கம். பருமனான தோஸ்தின் தங்கை மகன்தான் அந்தப் பையன் என்றும் சொன்னார். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஜீ ஹாங், ஜீ ஹாங் என்று தலையை ஆட்டினாள். பிறகு என் காதில், "இந்த வருஷம் ரெண்டு பேரு போலிருக்குடீ. அண்ணனுக்குத் துணைக்கு ஆளாச்சு" என்றாள்.

முன்பாதியில் ஜாகீர்தார் விளையாட்டை ஆரம்பித்திருந்தார். அது விளையாட்டு என்று எங்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஒரு தோஸ்தைப் பார்த்து, நீங்கள் நன்றாக ஆடுவீர்களாமே, ஒரு ஆட்டம் ஆடுங்களேன் என்றார். அந்த மனிதர் எழுந்து நெஞ்சில் கையை வைத்துக் குனிந்து, "குஸ்தாக்கி மாஃப், ஹுஸூர்" என்றார். என் துடுக்கை மன்னிக்க வேண்டும் என்று அர்த்தம். பிறகு, நான் ஆடினால் படகு மூழ்கும், படகு மூழ்கினால் பிரபுவின் பிரியாணியும் மூழ்கும், அந்தப் பாவம் எனக்கு எதற்கு என்றார். எல்லோரும் வாஹ் வாஹ் என்றார்கள். அவர் உட்கார்ந்துகொண்டார். ஜாகீர்தார் இன்னொருவரைப் பாடச் சொன்னார். அவரும் நெஞ்சில் கையை வைத்து ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்துத் தப்பித்துக்கொண்டார்.

பார்த்தீர்களா? அந்த ஊர்க்காரர்களுக்கு இல்லை என்று சொல்லத் தெரியும். குனிந்து, சிரித்து, கேட்டவரே சந்தோஷப்படுகிற மாதிரி சொல்லத் தெரியும். அப்பா பல வருஷம் அந்த வீட்டுக்குப் போயும் ஆமாமை மட்டும் படித்துக்கொண்டு வந்தார். பாதி மரியாதையைக் கற்றுக்கொண்டு அதை முழுசு என்று நினைத்துவிட்டார். அன்று அந்த இன்னொரு பாதி அவர் கண் முன்னாலேயே நடந்தது. அவரும் மற்றவர்களோடு வாஹ் வாஹ் என்றார்.

"மாஸ்டர் சாப், நீங்க பாடுவீங்களா?"

"ஜீ ஹாங், ஹுஸூர்."

பாடினார். அப்பாவுக்குக் குரல் கிடையாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற இங்கிலீஷ் பாட்டு ஒன்றை நின்றபடி கையை ஆட்டி ஆட்டிப் பாடினார். தோஸ்துகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அண்ணன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பாடு படகிலேயே. ஜமக்காளத்தின் மேல் விரிப்பு விரித்து, தாமிரத் தேக்சாவைத் திறந்தபோது பிரியாணியின் ஆவி காற்றில் ஏறியது. கத்தரிக்காய் பகாரா, தயிர்ச் சட்னி, மிளகாய் சாலன், கடைசியில் பாதாமி அல்வா. எனக்குப் பேகம் தன் தட்டிலிருந்தே கறித்துண்டை எடுத்து ஊட்டினார். அப்படி ஒரு பிரியாணியை நான் அப்புறம் சாப்பிட்டதில்லை. அந்த நாளைப் பற்றி இதைச் சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் ருசி ருசிதான்.

தட்டியின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். ஜாகீர்தார் சாலனிலிருந்து முழு மிளகாய் ஒன்றை எடுத்து அப்பாவின் தட்டில் வைத்தார். உங்கள் ஊரில் காரம் அதிகம் சாப்பிடுவார்கள்தானே என்றார். அப்பாவுக்கு வயிற்றுப்புண். வீட்டில் ரசத்தில்கூட அம்மா மிளகைக் குறைத்துத்தான் போடுவாள். "ஜீ ஹாங்." மிளகாய் உள்ளே போயிற்று. இன்னொன்று? "ஜீ ஹாங்." கண்ணாடிக்குள் கண்ணீர் வழிந்தது. காரத்தால் வழிந்த கண்ணீர் என்று அப்போது நினைத்தேன், இப்போதும் அப்படியே நினைக்கிறேன். அப்பா அவமானத்துக்கு அழுகிறவர் இல்லை. அவமானம் நடந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியவே இல்லை.

சாப்பிட்டுச் சற்று இளைப்பாறினதும் நீச்சல். ஏரி நடுவில் பாயை இறக்கிவிட்டார்கள். ஜாகீர்தார் சீமையிலிருந்து வரவழைத்த கோடு போட்ட நீச்சல் உடுப்பில் வந்தார். படகின் ஓரத்தில் கயிற்று ஏணி. அவர் தலைகீழாகப் பாய்ந்து ஒரு சுற்று நீந்தி ஏறி வந்தார். நீந்தத் தெரிந்த தோஸ்துகள் குதித்தார்கள். தெரியாதவர்கள் வழக்கம்போல் நெஞ்சில் கையை வைத்தார்கள். பருமனானவர், நான் இறங்கினால் ஏரி கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் போகும், நிஜாம் சர்க்காருக்கு யார் பதில் சொல்வது என்றார். பெரிய சிரிப்பு.

ஜாகீர்தார் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

"மாஸ்டர் சாப், நீந்தத் தெரியுமா?"

"ஜீ ஹாங், ஹுஸூர்."

தட்டிக்குப் பின்னால் அம்மாவின் கை என் முழங்காலில் இருந்தது. அது இறுகியது. அப்பாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். கிணற்றடியில்கூடத் தள்ளி நின்று சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வார். பேகம் பாக்கு வெட்டுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். சச்சீ? நிஜமாகவே தெரியுமா உங்கள் மியாவுக்கு என்று கேட்டார். கேட்ட குரலில் அக்கறை இருந்தது. ஒரு வார்த்தை அவர் சத்தம் போட்டிருந்தால் தம்பி நிறுத்தியிருப்பார். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். ரத்தம் கட்டுகிற மாதிரி கிள்ளினாள்.

"ஜீ ஹாங்" என்றாள் அம்மா.

புருஷன் சபையில் சொன்னதை அவள் எப்படிப் பொய் என்பாள்? பேகம் தோளைக் குலுக்கிவிட்டு மறுபடி பாக்கை எடுத்துக்கொண்டார்.

அப்பா ஷெர்வானியைக் கழற்றினார். அக்குளில் தையல் விட்டிருந்தது. அதை மடித்து அண்ணன் கையில் கொடுத்தார். கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். "அப்பா, வேணாம்பா" என்று அண்ணன் சொன்னது எனக்குக் கேட்டது. அப்பா அவன் தோளைத் தட்டினார். உனக்காகத்தான்டா என்கிற தட்டல் அது. தலைப்பாகையைக் கழற்ற மறந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏணியில் பின்பக்கமாக, முதுகைக் காட்டாமல் இறங்கினார். கடைசிப் படியில் நின்று மேலே பார்த்து ஒரு சலாம் வைத்தார். பிறகு கையை விட்டார்.

தலைப்பாகை மட்டும் மேலே நின்றது. அது தானாக அவிழ்ந்து, சரிகைக் கரை வெயிலில் மின்ன, நீளமாகத் தண்ணீரில் விரிந்துகொண்டே போயிற்று. கொஞ்ச தூரத்தில் ஒரு கை வந்தது, போயிற்று. தோஸ்துகள் கை தட்டினார்கள், மாஸ்டர் சாப் முங்கு நீச்சல் காட்டுகிறார் என்று. படகுக்காரன் கொக்கிக் கழியை எடுத்துவிட்டான். அவனுக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. ஜாகீர்தார் அவன் பக்கம் ஒரு விரலை உயர்த்தினார். பொறு என்று. அவன் கழியோடு நின்றான். அந்த விரல் எவ்வளவு நேரம் அப்படியே இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. தண்ணீரில் குமிழி வந்தது, பிறகு குமிழியும் வரவில்லை. அண்ணன் ஷெர்வானியையும் கண்ணாடியையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் நீந்தத் தெரியாது. அம்மா தாலியை வாயில் கடித்துக்கொண்டிருந்தாள்.

விரல் மடங்கியது. கழி பாய்ந்தது. வேட்டி முடிச்சில் கொக்கியை மாட்டி மீனைத் தூக்குகிற மாதிரி தூக்கிப் பலகையில் போட்டார்கள். படகுக்காரன் முதுகில் குத்தினான். பிரியாணி, தண்ணீர், மிளகாய், எல்லாம் அந்தப் பளபளத்த பலகையில் வந்து விழுந்தது. அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, முதல் காரியமாகத் தான் அசிங்கம் பண்ணிய இடத்தைக் கையால் துடைக்கப் பார்த்தார்.

ஜாகீர்தார் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தார். தன் துண்டை எடுத்து அவர் தோளில் போர்த்தினார். குரல் மாறவே இல்லை.

"நீந்தத் தெரியும்னு சொன்னீங்களே, மாஸ்டர் சாப். பொய்யா?"

அப்பா இருமினார்.

"பொய் சொல்ற வீட்டுப் பையனை நான் எப்படி டாக்டருக்கு அனுப்பறது? நாளைக்கு அவன் நோயாளிகிட்ட என்ன சொல்லுவான்? நீங்களே சொல்லுங்க, நான் அனுப்பலாமா? கூடாதுதானே?"

கண்ணாடி இல்லாத கண்ணால் அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். நெஞ்சில் கையை வைத்துக் குனிந்தார்.

"ஜீ ஹாங், ஹுஸூர்."

அதோடு கரைக்குத் திரும்பியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? முழுநாள் உலா அது, முழுநாளும் நடந்தது. பலகையைக் கழுவினார்கள். பாயை ஏற்றினார்கள். கிராமபோன் வைத்தார்கள். சாய் வந்தது, உஸ்மானியா பிஸ்கட் வந்தது. அப்பா துண்டைப் போர்த்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து, கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டார். தலைப்பாகை எங்கோ போய்விட்டது. கரை வந்ததும் வழக்கப்படி ஒவ்வொரு விருந்தாளிக்கும் தாம்பூலம் கொடுத்து மணிக்கட்டில் அத்தர் தடவினார் ஜாகீர்தார். அப்பாவின் ஈரக் கையிலும் தடவினார். எங்கள் ஜட்கா வண்டிக்குள் வீடு வரைக்கும் ஏரித் தண்ணீர் நாற்றமும் மல்லிகை அத்தரும் கலந்து அடித்தது. அந்தக் கலவை எனக்கு இன்னும் குமட்டும்.

வெகுகாலம் நான், ஜாகீர்தாருக்குப் பொய் பிடிக்காது, அப்பா பொய் சொன்னார், அதனால் அண்ணனின் படிப்பு போயிற்று என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அம்மாவும் அப்படித்தான் நம்பிச் செத்தாள். எனக்கே பேரன் பேத்தி வந்த பிறகு ஒரு நாள் அந்த இமாம் ஜாமின் பேச்சு சட்டென்று நினைவுக்கு வந்தது. முந்தின நாளே அந்த இன்னொரு பையன் கையில் கட்டியாகிவிட்டது. வருஷத்துக்கு ஒருத்தன்தான். இரண்டு பேர் எந்தக் காலத்திலும் கிடையாது. எங்களைப் படகில் ஏற்றும்போதே முடிவு தெரிந்துதான் ஏற்றினார். அப்பாவே சொன்னாரே, அவர்கள் வாயில் இல்லை என்ற சொல் வராது என்று. வரவில்லை. அப்பாவையே தண்ணீரில் முக்கியெடுத்து அவர் வாயால் சொல்லவைத்தார்கள். நாசமாய்ப் போக அந்த நாகரிகம்.

அண்ணன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராகச் சேர்ந்தான். தவளைப் பலகையை அவனே அடுப்புக்குப் பிளந்து போட்டான். அப்பாவோடு சண்டை போடவில்லை. அப்படிச் செய்திருந்தால் தேவலை. அதற்குப் பதில், ராத்திரி எல்லோரும் சாப்பிட உட்காரும்போது, சோற்றைப் பிசைந்துகொண்டே ரொம்ப மரியாதையாகக் கேட்பான்: "அப்பா, உங்களுக்கு நீந்தத் தெரியுமா?"

அப்பா குனிந்து சாப்பிடுவார். தினமும் இல்லை. தினமும் கேட்டால் மரத்துப்போகும் என்று அண்ணனுக்குத் தெரியும். ஆறிவருகிற சமயம் பார்த்துக் கேட்பான். விருந்தாளி இருந்தால் கட்டாயம் கேட்பான். அவனுக்குப் பெண் பார்த்து, கல்யாணம் ஆகி, புது மருமகள் முதன்முதலாகப் பரிமாறின அன்றும் கேட்டான். அவள் விஷயம் தெரியாமல் ஆவலாக மாமனாரைப் பார்த்தாள். அம்மா எழுந்து உள்ளே போனாள். வயிற்றைக் கீறி இருதயத்தைத் தேடத் தெரிந்த கை அது, டாக்டர் ஆகியிருந்தால் நல்ல டாக்டர் ஆகியிருப்பான்.

அந்தக் காலத்தில்தான் அப்பா விடிகாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மௌலாலிப் பக்கம் போக ஆரம்பித்தார். நடைக்குப் போகிறேன் என்பார். கண் சிவந்து திரும்புவார். சைக்கிள் கேரியரில் ஒரு காய்ந்த சுரைக்குடுக்கை கட்டியிருந்ததைப் பார்த்து எதற்கு என்று கேட்டேன். விதைக்கு என்றார். கொட்டகைக்குப் பின்னால் ஈரக் கோவணம் காய்ந்துகொண்டிருந்தது. அதையும் சுரைக்குடுக்கையையும் சேர்த்துப் பார்க்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

நிஜாம் ஆட்சி முடிய இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஒரு விடுமுறை நாளில் ஒர்க்‌ஷாப் ஆட்கள் லாரி பிடித்துக் குடும்பங்களோடு கண்டிப்பேட்டை ஏரிக்குப் போனோம். கட்டுச்சோறு, புளியோதரை, பிள்ளைகள் கூச்சல். இளவட்டங்கள் கரையோரம் நீந்தினார்கள். அண்ணன் ஒரு பாறையில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். அவன் சிநேகிதர்கள் சுற்றி இருந்தார்கள். அப்பா அந்தப் பக்கமாக வந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெறுகிற வயது அவருக்கு.

"அப்பா, உங்களுக்கு நீந்தத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் அப்பா.

ஒருவரும் சிரிக்கக்கூட இல்லை. அப்பா சட்டையைக் கழற்றி மடித்தார். கண்ணாடியைக் கழற்றினார். இரண்டையும் அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன் பீடியைக் கீழே போட்டான். அம்மா எங்கிருந்தோ ஓடி வந்தாள். அதற்குள் அப்பா தண்ணீரில் இறங்கிவிட்டார். அவசரமே இல்லாமல், கையை நீட்டி நீட்டி, சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் கற்றுக்கொண்டவர்கள் நீந்துகிற மாதிரி தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஏரிக்குள் போனார். நரைத்த தலை ஒரு தேங்காய் அளவுக்குச் சின்னதாகிற வரைக்கும் போனார். திரும்பி வந்தார். கரையில் இருந்தவர்களெல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல் சந்தோஷம். முடிந்தது, இனிமேல் அந்தக் கேள்வி செத்தது என்று நினைத்தேன்.

அப்பா மூச்சிரைக்க மேலே ஏறி வந்து அண்ணன் முன்னால் நின்றார். விலா எலும்பெல்லாம் தெரிந்தது. சொட்டச் சொட்ட நின்றபடி கண்ணைச் சுருக்கி, பிள்ளையின் முகம் எது என்று தேடினார். ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார். கண்ணாடி அண்ணன் கையிலேயே இருந்தது. அவன் அதைத் தரவில்லை.

"லேட்டாக் கத்துக்கிட்டீங்கப்பா" என்றான். "என் படிப்பு போனப்புறம் கத்துக்கிட்டு என்ன புண்ணியம்? யாருக்கு உபயோகம் இது? ஒருத்தருக்கும் இல்லதானே?"

அப்பா நெஞ்சில் கையை வைத்து, அன்று படகில் ஜாகீர்தாருக்குக் குனிந்த அதே அளவுக்குத் தன் பிள்ளைக்கு முன்னால் குனிந்தார்.

"ஜீ ஹாங், ஹுஸூர்."